கடலடியில் விளையும் உருளைக்கிழங்கு

வேளாண் மாணவர்களைக் கல்விப் பயணமாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போக நினைக்கும் பேராசிரியர்கள் நெதர்லாந்தை விரும்புவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராத நாடு, வேளாண் ஏற்றுமதியின் மதிப்பில் பல ஆண்டுகள் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருந்திருக்கிறது. பூக்களும், பிற நாடுகளில் வாங்கி மறுபடி விற்கும் சரக்கும் அந்தக் கணக்கில் உண்டு. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சாதனை பெரிதுதான். வாஹெனிங்கன் பல்கலைக்கழகம், வெஸ்ட்லாந்தின் கண்ணாடிக் குடில்கள், ஆல்ஸ்மேர் பூ ஏலக் கூடம் என்று பயணத் திட்டமும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

அந்தத் திட்டத்தில் முதல் நாளை மட்டும் மாற்றிவிடுங்கள் என்பேன். விமானம் இறங்கும் ஸ்கிபோல் நிலையமே, 1852இல் நீராவி எந்திரங்களால் இறைத்து வற்ற வைத்த ஓர் ஏரியின் தரையில், கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, எம்மலோர்ட் என்ற ஊர் வந்துவிடும். சுற்றிலும் கோடு போட்டதுபோல் நேரான வாய்க்கால்கள், உருளைக்கிழங்கு, வெங்காயம், சர்க்கரை பீட்ரூட், கோதுமை. 1942க்கு முன் இதெல்லாம் மீன் பிடித்த இடம். இப்படி நீரை இறைத்து மீட்ட நிலத்தை அங்கே போல்டர் என்பார்கள். இதன் பெயர் வடகிழக்குப் போல்டர். பரப்பு 48,000 ஹெக்டேர்.

நாட்டின் நடுவில் சாய்டர்சே என்ற உள்கடல் இருந்தது. புயல் வந்தால் கரைகளை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகும். அதன் வாயை அடைத்துவிட வேண்டும் என்று பொறியாளர் கார்னேலிஸ் லேலி பல்லாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். 1916 ஜனவரி வெள்ளமும், உலகப் போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாடும் அவர் பேச்சுக்கு வலு சேர்த்தன. 1918இல் அவர் அமைச்சராக இருந்தபோது சட்டம் நிறைவேறியது. 32 கிலோமீட்டர் நீள அணை 1932 மே 28 அன்று கடலை அடைத்து முடிந்தது. லேலி அதைப் பார்க்கவில்லை, 1929இலேயே காலமாகிவிட்டார். அடைபட்ட கடல் சில ஆண்டுகளில் நன்னீர் ஏரியானது. அந்த ஏரிக்குள் கரை கட்டி, நீரை இறைத்து, பகுதி பகுதியாக நிலம் எடுத்தார்கள். 1942இல் வடகிழக்குப் போல்டர், 1957இல் கிழக்கு ஃப்ளெவோலாந்து, 1968இல் தெற்கு ஃப்ளெவோலாந்து.

கரையும் பம்பும் எல்லோரும் அறிந்த கதை. நீரை இறைத்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் என்னை ஈர்க்கிறது. இறைத்து முடித்ததும் கிடைப்பது நிலம் இல்லை, சேறு. கருப்பாக, நாற்றத்துடன், காற்றே புகாத சேறு. அதில் பெரும்பகுதி தண்ணீர். ஆள் நடக்க முடியாது, வண்டி இறங்காது. வெயிலுக்கு விட்டால் மேலே ஒரு தோல் காயும்; அடியில் ஈரம் அப்படியே தங்கிவிடும்.

ஃப்ளெவோலாந்தில் அதற்கு அவர்கள் கண்ட வழி நாணல். யாரும் கால் வைக்க முடியாத சேற்றின் மேல் விமானத்திலிருந்து நாணல் விதையைத் தூவினார்கள். நாணல் வேர் ஈரத்துக்கும் காற்றில்லாச் சேற்றுக்கும் அஞ்சாது. இலை வழியே காற்றை வேருக்கு அனுப்பிக்கொள்ளும் செடி அது. அடியில் இறங்கி நீரை உறிஞ்சி இலை வழியாக வானத்துக்கு அனுப்பியது. பிற களைகள் தலைதூக்காமல் நிழலும் போட்டது. கோடை முழுக்க, பல்லாயிரம் ஹெக்டேரில், ஒரு லிட்டர் டீசல் இல்லாமல் நடந்த இறைப்பு அது.

நீர் வெளியேற வெளியேறக் களிமண் சுருங்கி வெடித்தது. நம் வயல்களில் கோடைக்கு வெடிக்கும் களிமண், மழை வந்தால் ஊதி மூடிக்கொள்கிறது. கடற்சேற்றில் முதல் முறை விழும் வெடிப்பு அப்படி முழுதாக மூடுவதில்லை. சேற்றில் களித் துகள்கள் இடையிடையே நீரை நிறைத்துக்கொண்டு தளர்வாக நிற்கின்றன. அந்த நீர் ஒருமுறை போய் அவை நெருங்கிவிட்டால், பழைய தளர்ச்சிக்குத் திரும்பாது. எனவே ஒவ்வொரு வெடிப்பும் நிரந்தர வழியாகிறது. மழைநீர் அதன் வழியே வாய்க்காலுக்கு இறங்குகிறது. காற்று அதன் வழியே உள்ளே போகிறது. மண்ணியலாளர்கள் இதை மண் முதிர்தல் என்கிறார்கள். முதிர்ந்ததா என்று பார்க்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. ஒரு பிடி எடுத்துக் கையை இறுக்க வேண்டும். விரலிடுக்குகளில் பிதுங்கி வழிந்தால் இன்னும் முதிரவில்லை. கட்டியாகக் கைக்குள்ளேயே நின்றால் முதிர்ந்துவிட்டது. உலகெங்கும் மண் வகைப்பாட்டுக்கு இறங்குவோர் இன்றும் செய்யும் சோதனை இது. மாணவர்கள் இதைச் செய்து பார்க்காமல் திரும்பக் கூடாது.

காற்று உள்ளே போனதும் வேதியியல் தொடங்குகிறது. சேற்றின் கருநிறம் இரும்பு சல்பைடால் வருவது. ஆக்சிஜன் பட்டதும் அது துருவாகிப் பழுப்பேறுகிறது. கூடவே கந்தக அமிலம் உண்டாகிறது. கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலங்கள் கடும் அமிலமாக இருப்பதற்கு இதே வினைதான் காரணம். டச்சுச் சேற்றில் சிப்பிகளும் சுண்ணாம்பும் போதுமான அளவு கலந்திருந்த இடங்களில் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமானது. ஜிப்சத்தில் இருப்பது கால்சியம். களித் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சோடியம் பிடித்த களிமண் ஈரத்தில் குழைந்து அடைத்துக்கொள்ளும். கால்சியம் பிடித்தது பொலபொலவென உதிரும். ஆகக் கடற்சேறு தன் நோய்க்கான மருந்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இதைப் பாடநூலில் ஒரு சமன்பாடாகப் படித்துவிட்டுப் போகிறோம். பழுப்புக் கோடுகள் ஓடும் ஒரு மண்கட்டியைக் கையில் வைத்துப் பார்ப்பது வேறு.

இதே அறிவுக்கு வேறோர் இடத்திலும் வேலை வந்தது. 1953 பிப்ரவரி முதல் நாள் விடியலுக்கு முன் வடகடல் பொங்கி, தென்மேற்கே சீலாந்து மாகாணத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்தது. 1,836 பேர் இறந்தார்கள். உப்புநீர் தேங்கிய வயல்களை மீட்க ஜிப்சம் இட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வயல்களிலும் ஜிப்சம் இட்டு, மழைநீரைக் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததை அந்த மாவட்டத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். கடல் வேறு, பயிர் வேறு. சோடியமும் கால்சியமும் எங்கும் ஒன்றே.

மண் முதிர்ந்தும் ஒரு குறை இருந்தது. கடலடியில் மண்புழு ஏது? வெளியிலிருந்து தானாக வருவதானால் ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும். புழு இல்லாத புல்வெளியில் காய்ந்த புல்லும் வேரும் மட்காமல் மேலே பாய்போலப் படிந்தது. அதனால் விஞ்ஞானிகள் புழுக்களைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். புழு போன இடமெல்லாம் அந்தப் பாய் கரைந்து, கரிமப்பொருள் மண்ணோடு கலந்து, நீர் எளிதாக இறங்கியது. புழு எட்டாத இடம் பழையபடியே கிடந்தது. மண்புழு உழவனின் நண்பன் என்று நாம் பள்ளியில் எழுதிய வாக்கியத்துக்கு இவ்வளவு சுத்தமான சோதனை வேறெங்கும் அமைந்திருக்காது. பழைய நிலத்தில் புழுவே இல்லாத பகுதியை எங்கே தேடுவது?

இதெல்லாம் நடக்கும் வரை அரசு நிலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. நாணலை எரித்து, முதலில் ரேப் கடுகு, பிறகு தானியம் என்று சில ஆண்டுகள் தானே பயிர் வைத்தது. திறந்த வாய்க்கால்களுக்குப் பதிலாக மண்ணுக்கடியில் வடிகால் குழாய்கள் பதித்தது. அந்தக் குழாய்களை எவ்வளவு இடைவெளியில் பதிப்பது என்பதற்கு ஹூக்ஹவுட் என்ற டச்சு விஞ்ஞானி 1940இல் தந்த சூத்திரத்தை வேளாண் பொறியியல் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். அது பிறந்த நாட்டு வயலில் நின்று அதைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது. கடைசியில் விண்ணப்பித்த விவசாயிகளைச் சல்லடை போட்டுச் சலித்துக் குத்தகைக்கு விட்டார்கள். சிலரை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். தகுதி பார்ப்பது சரி, வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது அதிகப்படி என்றே எனக்குத் தோன்றுகிறது.

உழத் தொடங்கியபோது கலப்பையில் கப்பல்கள் மாட்டின. போல்டர்களில் இதுவரை நானூறுக்கும் மேற்பட்ட மூழ்கிய கலங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. வடகிழக்குப் போல்டரின் நடுவே ஸ்கோக்லாந்து என்ற மேடு இருக்கிறது. கடல் அரித்ததால் 1859இல் மக்களைக் காலி செய்யச் சொன்ன தீவு அது. இன்று நாலா பக்கமும் வயல்; 1995 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம்.

எம்மலோர்டின் பெருமை விதைக்கிழங்கு. சான்று பெற்ற விதை உருளைக்கிழங்கை உலகுக்கு அதிகம் விற்கும் நாடு நெதர்லாந்து; சான்றளிக்கும் நாக் என்ற அமைப்பின் தலைமையகம் இந்த ஊரில்தான். உருளைக்கிழங்கின் பெரும் பகை வைரஸ் நோய்கள். அவற்றில் பலவற்றைச் செடிக்குச் செடி கொண்டு போவது அசுவினி. விவசாயி வரிசை வரிசையாக நடந்து, இலை சுருண்ட, தேமல் விழுந்த செடியைக் கிழங்கோடு பிடுங்கிப் பைக்குள் போடுகிறார். பிறகு ஆய்வாளர் வந்து அதே வரிசைகளில் நடக்கிறார். அசுவினி பறக்கும் காலம் வந்ததும், கிழங்கு இன்னும் பெருக்க இடமிருந்தும், செடியின் மேற்பகுதியை அழித்துவிடுகிறார்கள். இலைக்கு வந்த வைரஸ் கிழங்குக்கு இறங்கும் முன் பாதையை வெட்டுவதுதான் நோக்கம். எடையை விட்டுக்கொடுத்துத் தூய்மையை வாங்குகிற கணக்கு. எடைக்கு மட்டுமே விலை வைக்கும் சந்தையில் இந்தக் கணக்கு செல்லாது. விதைக்குத் தனி விலை கிடைப்பதால்தான் விவசாயி அதற்குத் துணிகிறார்.

இரண்டாம் நாள் தாராளமாகக் கண்ணாடிக் குடில்களுக்குப் போகலாம். அங்கே தக்காளிப் பூவை உற்றுப் பாருங்கள். மகரந்தப் பைகள் ஒட்டி நிற்கும் மஞ்சள் கூம்பின் நுனி வழியே, பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். 1980களின் இறுதி வரை ஆட்கள் அதிர்வுக் கோல்களோடு கொத்துக் கொத்தாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். பிறகு பம்பிள்பீ என்னும் மயிரடர்ந்த பெரிய தேனீயைப் பெட்டியில் கொண்டுவந்து விட்டார்கள். அது பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசைகளை அதிர வைக்கிறது. நம் ஊரில் நீலப்பட்டைத் தேனீ செய்யும் அதே வித்தை. கவ்விய இடத்தில் மஞ்சள் கூம்பின் மேல் பழுப்புத் தழும்பு விழும். விவசாயி தேனீயை எண்ணுவதில்லை, தழும்பைப் பார்க்கிறார்.

செம்பேனுக்கும் அங்கே பூச்சிக்கொல்லியை நம்பி இருப்பதில்லை. 1950களின் கடைசியில் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில் ஒரு குட்டிப் பேன் ஒட்டிக்கொண்டு வந்தது. அரை மில்லிமீட்டர் இருக்கும். செம்பேனை மட்டுமே தின்னும். யான் கோப்பர்ட் என்ற டச்சு வெள்ளரி விவசாயி 1967 முதல் அதை வளர்த்து விற்கத் தொடங்கினார். அந்தப் பேனுக்குக் கண் கிடையாது. பிறகு எப்படி இரையைக் கண்டுபிடிக்கிறது? 1980களில் மோரிஸ் சாபெலிஸ், மார்சல் டிக்கே போன்ற டச்சு விஞ்ஞானிகள் ஆங்கில ஒய் எழுத்து வடிவக் குழாயில் அதை நடக்க விட்டார்கள். ஒரு கிளையில் நல்ல இலையின் காற்று, மறு கிளையில் செம்பேன் கடித்த அவரை இலையின் காற்று. கடிபட்ட இலையின் பக்கமே பெரும்பாலும் திரும்பியது. கடிபட்ட செடி சில ஆவிப்பொருள்களை வெளியிட்டுத் தன் பகைவனின் பகைவனை வரவழைக்கிறது. செடிகளைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றிய கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

இந்த நாட்டை வியப்பவர்கள் அதன் பாக்கிகளையும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குடில்களுக்குச் சூடு தந்தது 1959இல் கண்டெடுத்த குரோனிங்கன் எரிவாயு. அதை எடுக்க எடுக்க நிலம் நடுங்கி வீடுகள் விரிசல் விட்டன. 2024இல் அந்த எரிவாயு வயல் சட்டப்படி மூடப்பட்டது. மாட்டுச் சாணத்தின் அமோனியா இயற்கைப் பகுதிகளைக் கெடுக்கிறது என்ற வழக்கில் 2019 மே மாதம் வந்த தீர்ப்பு, விவசாயிகளை டிராக்டர்களோடு தி ஹேக் நகரச் சாலைகளுக்கு இழுத்து வந்தது. போல்டரிலும் மண் முதிர முதிரத் தரை அமிழ்கிறது. சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல். தரை தாழ்ந்தால் இறைப்பு கூடும். பம்பை நிறுத்தும் நாள் என்று ஒன்று அங்கே கிடையாது.

பயணத் திட்டம் வகுக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. பூ ஏலத்தை ஒரு மணி நேரம் சுருக்கியாவது போல்டருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். மண் துளைப்பான் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாணவரும் ஒரு மீட்டர் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து இறுக்கிப் பார்க்கட்டும். அப்படியே இறைப்பு நிலையத்துக்கும் போய், இதற்குப் பணம் யார் தருகிறார் என்று கேட்கட்டும். நிலம் வைத்திருப்பவரும் அங்கே வசிப்பவரும் நீர் வாரியத்துக்குத் தனி வரி கட்டுகிறார்கள். அந்த வாரியத்துக்குத் தனியாகத் தேர்தலும் நடத்துகிறார்கள். இத்தகைய வாரியங்கள் அந்த நாட்டில் 13ஆம் நூற்றாண்டு முதல் இருந்துவருகின்றன.