கம்பியில் ஓடும் பாடம், கணினிக்கு எட்டாத பாடம்

கணினியில் செருகிக் கேபிள் டிவி பார்க்க உதவும் டியூனர்களின் அட்டையில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை. கேபிள்காரர் கம்பியில் அனுப்பும் அலைகளில் எதிலிருந்து எதுவரை இந்தக் கருவியின் காது கேட்கும் என்பதற்கான கணக்கு அது. இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி, மதுரையில் ஒரு மாணவர் தன் மடிக்கணினியில் கேபிள் வழியே தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியைப் பார்க்க முடியாமல் இருப்பதற்கு இந்த எல்லை காரணமா என்பது. ஒரு காலத்தில் காரணமாக இருந்தது, இன்று இல்லை. ஆனாலும் பலரும் இன்னும் டியூனரையே குறை சொல்கிறார்கள்.

அனலாக் காலத்தில் அலைவரிசை எல்லைதான் எல்லாமும். பழைய டிவிப் பெட்டிகளுக்கு 2 முதல் 12 வரையிலான வி.எச்.எஃப் சேனல்கள் மட்டுமே தெரியும். பிறகு வந்த பெட்டிகள் 104 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஸ் பேண்டையும், அதற்கடுத்து 470 வரை நீளும் ஹைப்பர் பேண்டையும் எட்டின. ஹைப்பர் பேண்ட் இல்லாத பெட்டி வைத்திருந்த வீட்டுக்கு அங்கே ஓடிய சேனல் இல்லாத சேனல்தான். அதனால் எல்லாப் பெட்டிக்கும் எட்டுகிற 'பிரைம் பேண்டில்' இடம் பிடிக்கச் சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கட்டின. யார் கண்ணில் எது படும் என்பதை டியூனரின் வரம்பே தீர்மானித்த காலம் அது. ஆனால் அதில் ஒரு நியாயமும் இருந்தது. வரம்புக்குள் வந்த சேனல் எந்தக் கருவியிலும் தெரிந்தது. கணினிக்குள் ஒரு டிவி டியூனர் கார்டைப் பொருத்தி, சுவரில் தொங்கும் கேபிளை அதில் முறுக்கினால் போதும், படம் வந்துவிடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

டிஜிட்டல் வந்ததும் இடப் பஞ்சம் தீர்ந்தது. இங்கே பயன்படும் டிவிபி-சி முறையில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரில், 64 குவாம் பண்பேற்றத்தில், நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் செல்லும். முன்பு ஒரே ஒரு சேனல் உட்கார்ந்திருந்த இடத்தில் சாதாரணத் தரத்தில் பத்துச் சேனல்கள் உட்காரலாம். 47-க்கும் 862-க்கும் நடுவே இப்படிப்பட்ட கேரியர்கள் சுமார் நூறு கொள்ளும். கணக்குப்படி ஆயிரம் சேனல். ஆகவே 862 என்ற எண் இனி ஒரு சுவர் அல்ல. அமெரிக்காவில் கேபிள் நிறுவனங்கள் 1002 மெகாஹெர்ட்ஸ் வரை போனபோது, 860-ஐ ஒட்டி நின்றுவிட்ட பழைய டியூனர்கள் திணறியது உண்மை. நம் ஊரில் அந்தச் சிக்கலுக்கு அவசியமே இல்லை.

எண் பொருந்திவிட்டால் படம் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி வழியாக 30 மீட்டர் ஓடினால், 50 மெகாஹெர்ட்ஸ் அலையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். 860-ல் கால் பங்குதான் மிஞ்சும். நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்தால் அதுவும் பாதியாகும். சித்திரை வெயிலில் கம்பி சூடேற, இழப்பு இன்னும் கொஞ்சம் கூடும். போதாததற்கு 824 முதல் 849 வரை செல்பேசிகள் தங்கள் கோபுரத்தோடு பேசும் அலைகள். கனெக்டர் சரியாக இறுகாத இடத்தில் அவை கம்பிக்குள் புகுந்து படத்தைச் சிதறடிக்கும். வரம்பின் மேல்விளிம்பு எட்டக்கூடியதுதான், ஆனால் நம்பத்தகுந்ததல்ல.

வேறொரு சிக்கலும் உண்டு. ஒரு விரல் நீளமே உள்ள, மலிவான ஒரு யுஎஸ்பி குச்சி உலகமெங்கும் பிரபலம். அதிலுள்ள ஆர்820டி என்ற டியூனர் சில்லு 42 முதல் 1002 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும்; கேபிளின் முழு வரம்பும் அதற்குள் அடக்கம். ஆனால் பக்கத்திலிருக்கும் ஆர்டிஎல்2832யு சில்லுக்கு வான்வழி டிவிபி-டி மட்டுமே புரியும், கேபிளின் டிவிபி-சி புரியாது. காது கேட்கிறது, மொழி தெரியவில்லை. டிவிபி-சி தெரிந்த டியூனரை வாங்கினால் இதுவும் தீர்ந்துவிடும்.

அப்போதும் திரை கறுப்பாகவே இருக்கும். காரணம் பூட்டு. 2011-ல் திருத்தப்பட்ட கேபிள் டிவிச் சட்டத்தின் 4ஏ பிரிவு, எந்தச் சேனலின் நிகழ்ச்சியானாலும் மறைகுறியாக்கியே அனுப்ப வேண்டும் என்கிறது. கட்டணச் சேனல், இலவசச் சேனல் என்ற வேறுபாடு அதில் இல்லை. பூட்டைத் திறக்கும் சாவி செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது, கணினிக்குத் தரப்படுவதில்லை. 2011-லிருந்து தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸ்களைக் கொடுக்கத் தொடங்கியது. 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. அரசு கேபிளில் அதற்கு 200-ஆம் எண். மடிக்கணினி அரசு கொடுத்தது, கேபிள் அரசுடையது, பாடமும் அரசுடையது. மூன்றும் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம். ஆனால் ஒன்றோடொன்று சேராது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து, வீட்டில் ஒரே டிவிக்குப் பல பேர் காத்திருந்த மாதங்களில் இதன் வலி எத்தனை பிள்ளைகளைத் தொட்டிருக்கும்!

இலவசக் கல்விச் சேனல்களையாவது பூட்டாமல் அனுப்பலாமே என்றால், பூட்டைத் திறந்துவிட்டால் திருட்டு பெருகும், கேபிள்காரர் சந்தாதாரர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவார் என்பது முதல் ஆட்சேபம். இது லேசான ஆட்சேபம் அல்ல. அனலாக் காலத்தில் கணக்கு மறைப்பு பெருஞ்சிக்கலாக இருந்ததால்தான் இந்தச் சட்டமே வந்தது. ஆனால் அந்தக் கணக்கு கட்டணச் சேனல்களில்தான் பணமாகிறது. அவற்றின் பூட்டு அப்படியே இருக்கட்டும். யாரும் காசு கேட்காத சேனலில் திருட என்ன இருக்கிறது? ஜெர்மனியில் 2013-ல் பெரிய கேபிள் நிறுவனங்கள் சாதாரணத் தரத் தனியார் சேனல்களின் பூட்டையே எடுத்துவிட்டன. அங்கே கேபிள் தொழில் அழிந்துவிடவில்லை. அமெரிக்கா 2012-ல் எதிர்த்திசையில் போய், அடிப்படைச் சேனல்களையும் பூட்ட அனுமதித்தது. நாம் முன்னதைப் பின்பற்றலாம்.

யூடியூப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கல்வித் தொலைக்காட்சி யூடியூபிலும் இருப்பது நல்லதே. ஆனால் அதற்கு டேட்டா வேண்டும். தினமும் மணிக்கணக்கில் பாடம் பார்த்தால் சின்ன ரீசார்ஜ் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கேபிளுக்கோ மாதச் சந்தா ஏற்கெனவே கட்டியாயிற்று. எத்தனை பேர் பார்த்தாலும் அந்தக் கம்பியில் நெரிசல் கிடையாது. எந்தச் செட்டாப் பாக்ஸும் எந்தக் கேபிள் நிறுவனத்தோடும் இயங்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்ததே, அது போதாதா என்றால், அது பரிந்துரைதான், சட்டமல்ல. சட்டமானாலும் கணினிக்கு ஒரு சாவியைத் தேடி வாங்கும் வேலை மாணவர் தலையில்தான் விழும்.

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 4ஏ பிரிவில் கல்விச் சேனல்களுக்கும் தூர்தர்ஷனுக்கும் விலக்கு தரச் சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டும். அந்த விலக்கைக் கேட்டு வாங்கும் பொறுப்பு தமிழக அரசுடையது. சொந்தமாகக் கேபிள் நிறுவனம் வைத்திருக்கும் அரசின் குரலுக்கு எடை அதிகம். விலக்கு கிடைத்த அன்றே அரசு கேபிள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: நூறு கேரியர்களில் ஒன்றை, மேல்விளிம்பில் அல்லாமல் 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, பூட்டில்லாமல் விட வேண்டும். கல்வித் தொலைக்காட்சியும் தூர்தர்ஷனும் அந்த 8 மெகாஹெர்ட்ஸிலேயே இடம் பிடித்துவிடும்.