விலையில்லா வேதம்

1898-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 14-ந் தேதி இரவு, அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தைச் சேர்ந்த பாஸ்கபெல் என்னும் சிற்றூருக்கு ஜான் நிக்கல்ஸன் என்ற வியாபாரப் பிரயாணி வந்து சேர்ந்தார். ஊரூராய்ச் சென்று கடைக்காரர்களிடம் 'ஆர்டர்' பிடிப்பது அவருடைய ஜீவனம். ஸென்ட்ரல் ஹவுஸ் என்ற ஹோட்டலில் அன்று பார்த்து ஓர் அறைகூடக் காலியில்லை. ஹோட்டல் குமாஸ்தா யோசித்து, 19-ஆம் நம்பர் அறையில் தங்கியிருந்த ஸாமுவேல் ஹில் என்ற இன்னொரு வியாபாரப் பிரயாணியோடு அவரைச் சேர்த்துப் படுக்க வைத்தார். முன்பின் அறியாத இருவர்; ஒரே அறை; ஒரே விளக்கு.

ஹில் படுத்துவிட்டார். நிக்கல்ஸன் விளக்கை அணைக்கவில்லை. தினந்தோறும் பைபிளில் சிறிதேனும் வாசிப்பதாகத் தம் தாயாரின் மரணப் படுக்கையில், பன்னிரண்டு வயதிலே, அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். வெளிச்சத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். ஹில் கோபிக்கவில்லை, தாமும் கேட்கும்படி உரக்க வாசிக்கச் சொன்னார். ஹோட்டல் அறைகளில் நடக்கும் விளக்குச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வமான சம்பவம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மறு வருஷம் மே மாதம் அவ்விருவரும் வேறோர் ஊரில் தற்செயலாகச் சந்தித்தார்கள். வீட்டை விட்டு மாதக்கணக்காய் அலையும் தங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டுமென்று பேசிக்கொண்டார்கள். 1899 ஜூலை முதல் தேதி, ஜேன்ஸ்வில் நகரில் கூட்டம் என்று அறிவிப்புச் செய்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் மூன்றே பேர். அழைத்த இருவரும், வில் நைட்ஸ் என்ற மூன்றாமவரும். ஹில் தலைவர், நைட்ஸ் உபதலைவர், நிக்கல்ஸன் காரியதரிசியும் பொக்கிஷதாரும் ஆனார்கள். உத்தியோகஸ்தர்கள் எல்லாரும் இருந்தார்கள். சாதாரண அங்கத்தினர்தான் ஒருவரும் இல்லை! நம் நாட்டிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அடுத்த கூட்டத்துக்குள் மறைந்துவிடும். இது மறையவில்லை.

சங்கத்துக்குக் கிதியோன் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். பழைய ஏற்பாட்டில் வரும் கிதியோன் பகைவரோடு பொருதப் புறப்பட்டபோது அவனிடம் முப்பத்திரண்டாயிரம் பேர் இருந்தார்கள். பயந்தவர்களெல்லாம் போகலாம் என்றதும் இருபத்திரண்டாயிரம் பேர் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களையும் சலித்தெடுத்து, முந்நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டான். ஒவ்வொருவன் கையிலும் ஓர் எக்காளம், ஒரு வெறும் பானை, பானைக்குள் ஒரு தீவட்டி. அந்தப் பானையும் தீவட்டியுமே இன்றும் சங்கத்தின் சின்னம். சிறு தொகையினர் பெரிய காரியம் செய்யலாம் என்பது மூன்று பேர் சங்கத்துக்கு மிகவும் வேண்டியிருந்த ஆறுதல் அல்லவா?

புத்தகம் வழங்கும் எண்ணம் உடனே உதித்ததன்று. ஒன்பது வருஷங்கள் கழித்து, 1908-இல்தான், ஹோட்டல் அறை ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வைப்பதென்று முடிவாயிற்று. மாண்டானா மாகாணத்தில் ஸுபீரியர் ஹோட்டல் என்ற விடுதியில் முதன்முதல் 25 பிரதிகள் வைக்கப்பட்டன. பின்னர் ஆஸ்பத்திரிகள், சிறைச்சாலைகள், பள்ளிக்கூடங்கள், இரண்டாவது மகாயுத்த காலத்தில் ராணுவ முகாம்கள் என்று வேலை பரவியது. 2015-ஆம் வருஷத்துக்குள் வழங்கிய பிரதிகளின் தொகை 200 கோடியைத் தாண்டிவிட்டதாகச் சங்கத்தார் கணக்குச் சொல்கிறார்கள். கல்லூரி வாசலிலே, சட்டைப் பையில் அடங்கும் புதிய ஏற்பாட்டை ஒருவர் புன்னகையோடு நீட்ட, வாங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி நின்ற அநுபவம் நேயர்களிலும் சிலருக்கு இருக்கலாம்.

நீட்டுகிறவர்கள் பாதிரிமார் அல்லர். சம்பளம் வாங்குகிறவர்களும் அல்லர். கடைக்காரர், டாக்டர், வக்கீல் போன்ற இல்லறத்தார். தங்கள் பொழுதைச் செலவிட்டு வந்து நிற்கிறார்கள். புத்தகத்தைத் திறந்தால், அச்சமுற்றபோது எந்தப் பக்கம், துயருற்றபோது எந்தப் பக்கம், தனிமையில் எந்தப் பக்கம் என்று முகப்பிலே அட்டவணை போட்டிருக்கும். பிரயாணிகள் ஆரம்பித்த சங்கம் என்பது இதிலேயே தெரிகிறது. கடைசிப் பக்கத்திலோ, கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட இடம் விட்டிருக்கும். ஆகவே இது வெறும் வாசகசாலைத் தொண்டு என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

இனாமாகக் கொடுத்தால் மதிப்பிருக்குமா என்பது பழைய கேள்வி. 1804-இல் லண்டனில் ஏற்பட்ட பைபிள் சங்கத்தார் விலையை மலிவாக்கினார்களேயன்றி, பெரும்பாலும் விற்கவே செய்தார்கள். காசு கொடுத்தவன் புத்தகத்தைப் பத்திரப்படுத்துவான் என்பது அவர்கள் அநுபவம். நம் நாட்டில் 1923-இல் தொடங்கிய கோரக்பூர் கீதா அச்சகத்தாரும் கீதையை ஏழைக்கும் எட்டும் விலையில் விற்கும் வழியைத்தான் பின்பற்றினார்கள். கிதியோன் சங்கத்தாரோ, ஹோட்டல் பிரதியை யாராவது எடுத்துப் போனால் சந்தோஷப்படுகிறவர்கள்! இந்த யுக்தி மற்ற மதத்தாரையும் கவர்ந்தது. ஜப்பானில், நுண்ணிய அளவுக் கருவிகள் செய்யும் மிட்டுடோயோ கம்பெனியை நிறுவிய யெஹான் நுமாடா என்பவர், புத்தரின் போதனைகளைத் தொகுத்த நூலை ஹோட்டல் அறைகளில் வைப்பதற்கென்றே 1965-இல் ஒரு சங்கம் கண்டார்.

ஹோட்டல் அறையில் இருக்கும் புத்தகம் யாரையும் வற்புறுத்துவதில்லை. பள்ளிக்கூடத்தின் சங்கதி வேறு. 1951-இல் நியூ ஜெர்ஸி மாகாணத்து ரதர்போர்டு நகரில், அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிய ஏற்பாட்டை இலவசமாகத் தருவதாகக் கிதியோன் சங்கத்தார் முன்வந்தார்கள். பள்ளி நிர்வாகிகள் ஒப்புக்கொண்டார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட சீட்டுக் கொண்டு வரும் குழந்தைக்கு மட்டுமே புத்தகம் என்றும் ஏற்பாடாயிற்று. இதைவிட நியாயமாக என்ன செய்ய முடியும் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு யூதத் தகப்பனாரும் ஒரு கத்தோலிக்கத் தகப்பனாரும் கோர்ட்டுக்குப் போனார்கள். யூதருக்குப் புதிய ஏற்பாடு வேதம் அன்று. அந்த மொழிபெயர்ப்போ கத்தோலிக்கருக்கு அங்கீகாரமில்லாதது. வகுப்பில் முப்பது குழந்தைகள் புத்தகம் பெறும்போது, வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் மனம் என்ன பாடுபடும் என்று மனோதத்துவ நிபுணர்கள் சாட்சியம் சொன்னார்கள். 1953-இல் அந்த மாகாணத்தின் உச்ச நீதிமன்றம், அரசாங்கப் பள்ளி ஒரு மதத்துக்குச் சலுகை காட்டலாகாது என்று விநியோகத்தைத் தடுத்துவிட்டது. அந்தக் குழந்தையை நினைத்துப் பார்க்கும்போது தீர்ப்பு சரியென்றே எனக்குப் படுகிறது.

தெருவின் நியாயம் பள்ளியின் நியாயம் அன்று. 1938-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம், அநுமதிச் சீட்டு இல்லாமல் மதப் பிரசுரங்கள் வழங்கினாள் என்று ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு ஸ்திரீக்கு விதித்த ஐம்பது நாள் சிறைத் தண்டனையைத் தள்ளிவிட்டது. மறு வருஷம், துண்டுப் பிரசுரத்தால் தெரு குப்பையாகிறது என்ற வாதம் வந்தது. குப்பை போடுகிறவனைத் தண்டியுங்கள், கொடுக்கிறவனைத் தண்டிக்காதீர்கள் என்று தீர்ப்பாயிற்று. நியூயார்க் விமான நிலையங்களில் பிரசுரம் வழங்குவதைத் தடுக்கக்கூடாதென்று 1992-இல் அதே நீதிமன்றத்தில் வென்றவர்கள் யார் தெரியுமா? நம் கிருஷ்ண பக்தர்கள்தான்! பைபிள் கொடுக்கிறவனுக்கு ஒரு நீதி, கீதை கொடுக்கிறவனுக்கு ஒரு நீதி என்று தெருவிலே வைத்துக்கொள்ள முடியாது.

நம் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவும், பொது ஒழுங்கு முதலியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காதென்று 1977-இல் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. கையில் கொடுப்பது எங்கே முடிகிறது, மாற்றுவது எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றிய வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தமிழருக்கு அச்சுப் பைபிள் புதிதன்று. தரங்கம்பாடியில் ஸீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இலேயே அச்சேறிவிட்டது. புத்தகம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தே அதற்குக் கிடைத்த வரவேற்பும் இருந்திருக்கிறது. இதற்கு மகாத்மாவின் சுயசரிதையைக் காட்டிலும் நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ராஜ்கோட்டில் அவர் படித்த ஹைஸ்கூலுக்குப் பக்கத்துத் தெருமுனையில் பாதிரிமார் நின்றுகொண்டு, ஹிந்துக்களையும் அவர்கள் தெய்வங்களையும் நிந்தித்துப் பேசுவார்களாம். ஒரே ஒரு நாள்தான் நின்று கேட்டார். அதற்கு மேல் பொறுக்கவில்லை. கிறிஸ்தவ மதத்தின்மீதே வெறுப்பு உண்டாகிவிட்டது. சில வருஷங்களுக்குப் பின் லண்டனில், சைவ உணவு விடுதி ஒன்றில், மான்செஸ்டரிலிருந்து வந்த ஒரு நல்ல கிறிஸ்தவரைச் சந்தித்தார். மாமிசமும் மதுவும் தொடாத அந்த மனிதர், பைபிளை வாசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, தாமே ஒரு பிரதியை வாங்கச் செய்தார். பழைய ஏற்பாடு காந்திஜிக்குத் தூக்கத்தைத்தான் கொடுத்தது. மலைப் பிரசங்கமோ நேரே இருதயத்துக்குள் போயிற்று. அதைக் கீதையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

1926-இல் குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் விரும்பியதன் பேரில், அவர்களுக்குப் புதிய ஏற்பாட்டை அவர் வாசித்துக் காட்டினார். தேசியக் கலாசாலையில் பைபிள் எதற்கு, கீதை இல்லையா என்று ஆட்சேபக் கடிதங்கள் வந்தன. அவரை மறைமுகக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்களும் உண்டு. 'யங் இந்தியா' பத்திரிகையில் அவர் அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த நூலைத்தான் வாசிக்கிறேன் என்று பதில் எழுதினார்.