ரயில் இல்லாத ஊரில் மூன்று மாதம்

ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்புப் பிரிவில் 35 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, நாகபுரியிலேயே தங்கிவிட்டவன் நான். 2023 மே மாதம் நானும் என் மனைவியும் பிரான்சில் இருக்கும் எங்கள் பெண் வீட்டுக்குப் புறப்பட்டபோது, நண்பர்கள் எல்லோரும் ஈஃபில் கோபுரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நாங்கள் போன ஊரில் உயரமாக இருந்தது சர்ச் மணிக்கூண்டு ஒன்றுதான்.

பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து கிளெர்மோன் ஃபெரான் நகருக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்நாட்டில் சாலையில் வண்டிகள் வலப்புறம் போகின்றன. ரயில்களோ நம் நாட்டைப் போலப் பெரும்பாலும் இடப்புறம் ஓடுகின்றன. ஆரம்ப காலத்தில் அங்கே பாதை போட்டவர்களில் ஆங்கிலேய எஞ்ஜினீயர்களும் இருந்தார்கள் அல்லவா, அதன் அடையாளம் இது. மாப்பிள்ளைக்கு அந்த நகரில் வேலை. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில், லிவ்ராதுவா மலைப்பகுதியில் இருக்கிறது அவர்கள் கிராமம். வாடகை குறைவு, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இது அவர்கள் போட்ட கணக்கு.

"இந்தக் குக்கிராமம் எதற்கு? டவுனுக்கே போய்விடுங்கள்" என்று சொல்வதற்காகவே நான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் மணிக்கூண்டு ஏழு அடிக்கும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஏழு அடிக்கும். முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக அந்த இரண்டாவது தடவை என்றார் மாப்பிள்ளை. ஊரில் ரொட்டிக் கடை கிடையாது. வாரம் மூன்று நாள் ரொட்டி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். பகெத் என்ற நீள ரொட்டியைக் காலையில் வாங்கினால், மறுநாள் அதை வைத்து ஆணி அடிக்கலாம். பகல் 12 முதல் 2 மணி வரை பக்கத்து ஊர்க் கடைகளில் ஈ காக்கை இருக்காது. எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் "போன்ஷூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் விலையைக் கேட்டால் கடைக்காரர் முகம் சுருங்கிவிடும். குளிர்கால விறகைக் கன மீட்டர் கணக்கில் வாங்கி, வெட்டி அடுக்கி, இரண்டு வருடம் காயப் போடுகிறார்கள். அந்த விறகு அடுப்பின் பக்கத்தில் வைத்தால்தான் இட்லி மாவு பொங்கும் என்று என் பெண் கண்டுபிடித்திருந்தாள்.

மாலையில் நான் நடக்கப் போகும் வழி மெல்லிய ஏற்றத்தோடு, ஒரே சீராக வளைந்து சென்றது. மாட்டு வண்டிப் பாதை அப்படி வளையாது. காலால் கிளறிப் பார்த்தேன்; அடியில் ஜல்லி! கொஞ்ச தூரத்தில் பூட்டிக் கிடந்த கேட்மேன் வீடு. 1879-இல் ஃப்ரெய்சினே என்ற அமைச்சரின் திட்டத்தால் பிரான்சின் மூலைமுடுக்கெல்லாம் கிளைப்பாதைகள் போடப்பட்டன. பின்னால் பஸ்ஸும் காரும் வந்தபின் அவற்றில் பல மூடப்பட்டன. இந்த ஊர்ப் பாதையிலும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பஸ்ஸும் பள்ளிக்கூட நாட்களில் மட்டும்தான். ஆக, கார் இல்லாவிட்டால் அந்த ஊரில் கை கால் இல்லை. என் பெண்ணுக்கோ கார் ஓட்டத் தெரியாது. "அவர்தான் ஓட்டுகிறாரே அப்பா" என்று நான்கு வருடமாக ஒத்திப்போட்டிருந்தாள்.

ஜூன் மாதம் ஒரு நாள், மாப்பிள்ளை அலுவலக வேலையாகப் பாரிஸ் போயிருந்தார். காரைக் கிளெர்மோன் ஸ்டேஷனில் விட்டிருந்தார். அன்றிரவு என் மனைவிக்குக் கடும் ஜுரம், ஓயாத வாந்தி. பதினொரு மணிக்கு நிற்கவே முடியவில்லை. பெண் 15 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். டாக்டர் ஒருவர் பொறுமையாக எல்லாம் விசாரித்துவிட்டு, "உடனே ஆபத்து இல்லை, ஆனால் இன்றிரவே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். கார் இருந்தால் அழைத்து வாருங்கள், அதுதான் சீக்கிரம்" என்றார். கார் இல்லை. ஆயிரக்கணக்கான ரயில்கள் போகப் பாதையைக் காத்தவன், மனைவியை 25 கிலோமீட்டர் கொண்டுபோக வழி தெரியாமல் நின்றேன்.

பெண் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே இருப்பவர்கள் எண்பதை நெருங்கும் தம்பதி. கணவருக்குக் கண்ணில் புரை. அந்த அம்மாள் இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, ஒரு கேள்வி கேட்காமல் காரை எடுத்தார். மலை வளைவுகளில் பேச்சே இல்லை. விடியும்வரை ஆஸ்பத்திரி நாற்காலியில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். பெட்ரோலுக்குப் பணம் நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டார்.

நான்காம் நாள் என் மனைவி எழுந்து உளுந்து வடை தட்டிக் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் ஆறு முட்டைகளோடு திரும்பி வந்தது. நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை என்று சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

"டவுனுக்குப் போ" என்று பிறகு நான் சொல்லவில்லை. "கார் ஓட்டக் கற்றுக்கொள், அம்மா" என்று மட்டும் சொன்னேன். நம் ஊர் லைசென்ஸ் இருந்தாலும், அங்கே குடியேறி ஓராண்டு வரைதான் செல்லும். பிறகு அவர்கள் பரீட்சைதான்: 40 கேள்விகளில் 35 சரியாக இருக்க வேண்டும், அதுவும் பிரெஞ்சில். அதன் பிறகு குறைந்தது 20 மணி நேரம் ஓட்டப் பயிற்சி. எழுத்துத் தேர்வில் முதல் முறையே தேறினாள். ஓட்டும் தேர்வில் ஒரு தடவை தோற்று, 2024 மார்ச்சில் பாஸ் செய்தாள். ரயில்வேக்காரன் மகள் கார் லைசென்ஸ் வாங்கியதற்காக நான் தெரு முழுவதும் இனிப்புக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் போன் செய்தாள். "வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன் அப்பா. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் பாட்டியும் பின் சீட்டில். பாட்டிக்கும் இப்போது கண் மங்கல்" என்றாள்.