பெயரின் விலை

திருப்பெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பெயர் மட்டும் மூடப்படவில்லை. சில ஆண்டுகளில் வேறொரு நிறுவனம் உரிமம் பெற்று, அதே பெயரில் கைப்பேசிகளை விற்கத் தொடங்கியது. இயந்திரங்கள் ஓய்ந்த பின்னும் விலைபோகும் அச்சொத்தே வணிகக்குறி.

கடைத்தெருவில் ஒருவரது பெயர்ப்பலகையை மற்றொருவர் மாட்டிக்கொண்டால் அது ஊரார் கண்ணில் படும். தேடுபொறியில் நிகழ்வதோ கண்ணுக்குப் புலப்படாதது. விளம்பரம் செய்வோர் சில சொற்களைத் தேர்ந்து அவற்றுக்கு ஏலத்தொகை குறிக்கின்றனர். அச்சொல்லை எவரேனும் தேடினால் அவர்களது விளம்பரம் மேலே தோன்றும். அச்சொல் போட்டியாளரின் பெயராகவும் இருக்கலாம். பெயரை வளர்த்தவர் ஒருவர். அதைக் கேட்டு வரும் வாடிக்கையாளர் சென்று சேர்வது வேறொருவரிடம். கட்டணம் பெறுவது தேடுபொறி.

இதனை எதிர்த்து, 'பாரத் மேட்ரிமோனி', 'தமிழ் மேட்ரிமோனி' முதலிய திருமணத் தளங்களை நடத்தும் சென்னை நிறுவனம் கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2010 செப்டம்பர் 30 அன்று இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' ஆகியவை பொருளை விளக்கும் பொதுச்சொற்கள். அவற்றைப் பிறர் பயன்படுத்துவதை எளிதில் தடுத்துவிட முடியாது. வாடிக்கையாளருக்கு உடனே விளங்கும் பெயரே சட்டத்தின் முன் வலுவிழந்து நிற்பது இத்துறையின் விந்தை. நோக்கியா போன்ற தனித்த பெயருக்கு இத்தொல்லை இல்லை.

அந்நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்தையும் நாடியது. செய்ப்பூரைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பு ஒன்றும் முறையிட்டிருந்தது. ஆணையம் 2018 பிப்ரவரி 8 அன்று கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. இது அதன் இந்திய வருவாயின் மூன்றாண்டுச் சராசரியில் 5 விழுக்காடு. ஆயினும், வணிகக்குறிச் சொற்களை ஏலமிடும் முறையில் ஆணையம் குற்றம் காணவில்லை. விமானப் பயணத் தேடலில் தன் சொந்தச் சேவைக்குத் தனியிடம் அளித்தது போன்ற செயல்களுக்கே தண்டம் விதிக்கப்பட்டது. திருமணத் தளம் தொடங்கிவைத்த முறையீடு, விமானச் சீட்டில் போய் முடிந்தது!

எஞ்சிய கேள்விக்கு 2023 ஆகஸ்டு 10 அன்று தில்லி உயர்நீதிமன்றம் வேறொரு வழக்கில் விடையளித்தது. பிறரது வணிகக்குறியை விளம்பரச் சொல்லாகக் கொள்வது மட்டுமே மீறலாகாது. அதனால் நுகர்வோர் குழப்பமடைந்தால் மீறலாகலாம். அந்நிலையில், 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று கூறித் தேடுபொறி விலகி நிற்க இயலாது.