பொலோஞாவில் பசியாற

வெளிநாடு போய் வந்தவரிடம் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "ஊர் எப்படி?" என்பதன்று, "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதுதான். இதைக் கேட்டுச் சிலர் நகைப்பார்கள். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. நாம் ஊரை விட்டு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த முதல் மாதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடுதி மெஸ்ஸில் நாள்தோறும் சப்பாத்தியைக் கண்டு எத்தனை பேர் பெருமூச்சு விட்டோம்! பிறகு எந்தத் தெருவில், எந்த வேளையில், எது நன்றாக இருக்கும் என்று மூத்த மாணவர்கள் சொல்லத் தெரிந்துகொண்டோம். அன்றுதான் இவ்வூர் நமக்குப் பாதி சொந்த ஊராயிற்று.

மேற்படிப்புக்கும் கருத்தரங்குக்கும் இத்தாலி செல்லும் மாணவர்கள் கால் வைக்கக்கூடிய நகரங்களுள் ஒன்று பொலோஞா. 1088-ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கொள்ளப்படும் அதன் பல்கலைக்கழகம் மேலை நாடுகளிலேயே மிகப் பழமையானது. இத்தாலியர் அந்நகருக்கு மூன்று பட்டப் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்: கற்றவள், சிவந்தவள், கொழுத்தவள். கற்றவள் என்பது பல்கலைக்கழகத்தால் வந்தது. சிவந்தவள் என்பது செங்கற் சுவர்களாலும் ஓட்டுக் கூரைகளாலும் வந்தது. கொழுத்தவள் என்ற பெயரைத் தந்தது அவ்வூர்ச் சமையல்.

இத்தகைய ஊருக்குப் போயும் அரைப் பசியோடு திரும்புவோர் உண்டு. நிறையப் பணம் கொடுத்து மட்டமான உணவை உண்டு திரும்புவோர் அவர்களினும் பலர். தாம் உண்ணக் கூடாதென்று வைத்திருந்ததை அறியாமல் உண்டுவிட்டுப் பின்னர் வருந்துவோரும் இருக்கிறார்கள். இம்மூன்று கூட்டத்திலும் நம் மாணவர் சேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. வேளையும் இடமும் அறிந்து, வாய் திறந்து கேட்கத் தெரிந்தால் போதும்.

பலகை சொல்லும் செய்தி

பொலோஞாவின் நடுவே மஜ்ஜோரே சதுக்கம் இருக்கிறது. ஊர் பார்க்க வருவோர் அனைவரும் கூடும் இடம் அது. அதைச் சுற்றியுள்ள சில உணவகங்களின் வாசலில், ஐந்தாறு மொழிகளில் எழுதிய பெரிய பலகையைக் காணலாம். படங்களும் இருக்கும். கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒருவர் நின்று அழைப்பார். அப்பலகையில் 'ஸ்பகெட்டி பொலோனேஸ்' என்று எழுதியிருந்தால், நீங்கள் மேலே நடக்கலாம்.

உலகெங்கும் பொலோஞாவின் பெயரால் விற்கப்படும் அந்தப் பண்டம் பொலோஞாக்காரரின் வீட்டில் இல்லை. அவர்கள் இறைச்சியை நெடுநேரம் மெல்லிய தீயில் வேகவைத்து 'ராகூ' என்னும் குழம்பைச் செய்கிறார்கள். ஆனால் அதை ஸ்பகெட்டியில் ஊற்றுவதில்லை. 'தல்யத்தெல்லே' என்னும் பட்டையான நாடாக்களோடு கலந்து உண்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. ஸ்பகெட்டி, வறண்ட தென் இத்தாலியின் கடினமான கோதுமையில், முட்டையில்லாமல் செய்து உலர்த்தப்படுவது. போ ஆற்றுச் சமவெளியில் விளைவதோ மென்மையான கோதுமை. அம்மாவு உறுதியாக நிற்க முட்டை சேர்க்கிறார்கள். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வீட்டுக் கணக்கு. மரக் குழவியால் பலகையில் தேய்த்த அந்த மாவின் மேற்புறம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். குழம்பு அதில் பற்றிக்கொள்ளும். வழவழப்பான ஸ்பகெட்டியிலோ குழம்பு வழுக்கித் தட்டின் அடியில் தங்கிவிடும்.

இந்தச் செய்தியில் அவ்வூரார் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பதற்கு ஒரு சான்று. 1972-ஆம் ஆண்டில் தல்யத்தெல்லேயின் அகலத்தை வரையறுத்து நகரின் வணிகக் கழகத்தில் பதிவு செய்தார்கள். வெந்தபின் அது 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது, ஊர் நடுவே 97 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் 12,270-இல் ஒரு பங்கு! அளவு மாறிப் போகாமலிருக்கப் பொன்னால் ஒரு நாடாவும் செய்து வைத்திருக்கிறார்கள். ராகூவின் செய்முறை 1982-இல் அதே கழகத்தில் பதிவாயிற்று. 2023-இல் அதைத் திருத்தியும் பதிந்தார்கள்.

கடைகளின் வகை

பெயர்ப் பலகையில் உள்ள முதற் சொல்லே கடையின் தன்மையைப் பெரும்பாலும் உணர்த்திவிடும். 'ரிஸ்தொராந்தே' என்றிருந்தால் பணச் செலவு மிகுந்த உணவகம். 'திரத்தோரியா' என்றிருந்தால் குடும்பத்தார் நடத்தும் எளிய சாப்பாட்டுக் கடை. 'ஓஸ்தெரியா' என்பது ஆதியில் மதுக்கடை. இன்று அங்கே சாப்பாடும் கிடைக்கிறது. பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. திரத்தோரியா என்று பெயரிட்டுக்கொண்டு உயர்ந்த விலை வாங்குவோரும் உண்டு. விலைப்பட்டி வாசலிலேயே தொங்கும்; படித்துவிட்டு நுழையுங்கள். பட்டி சிறியதாக, இத்தாலிய மொழியில், அன்றன்று எழுதியதாக இருப்பின் நல்ல அறிகுறி. பகல் வேளையில் அக்கம்பக்கத்து அலுவலகத்தார் வந்து உண்ணும் கடை அதனினும் நல்ல அறிகுறி.

'பார்' என்றதும் குடிகாரர் கூடும் இடம் என்று அஞ்ச வேண்டா. அது நம் ஊர்க் காப்பிக் கடை போன்றது. காலையில் முதியவரும் மாணவரும் அங்கேதான் காப்பியும் இனிப்பு ரொட்டியும் உண்பார்கள். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. காப்பி என்று மட்டும் கேட்டால், இரண்டு மடக்குக்குள் தீர்ந்துவிடும் கடுங்காப்பி வரும். நம்மைப் போல் பால் கலந்து குடிப்பவர் 'கப்புச்சினோ' என்று கேட்க வேண்டும்.

வேளையும் கணக்கும்

நம் நாட்டில் எந்த நேரத்திலும் எங்கேனும் ஒரு தோசை கிடைக்கும். அங்கே அப்படியன்று. பகலுணவு ஏறத்தாழ பன்னிரண்டரை முதல் இரண்டரை மணி வரை. பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மாலை ஏழரை மணிக்குத்தான் மீண்டும் சமையல். நான்கு மணிக்குப் பசித்தவருக்கு வெட்டி விற்கும் பீட்சாத் துண்டே துணை. ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்டு 15-ஆம் நாளையொட்டி ஊரே விடுமுறை கொண்டாடும். அப்போது செல்வோர் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

கணக்குச் சீட்டு வந்ததும் 'கொபெர்த்தோ' என்று இரண்டு மூன்று யூரோ கூடுதலாக இருப்பதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது ரொட்டிக்கும் மேசைக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் வழக்கமான கட்டணம், விலைப்பட்டியிலேயே குறித்திருக்கும். தண்ணீருக்கும் விலை உண்டு, புட்டியில் வரும். அதற்கு மேல் பரிமாறியவருக்குத் தனியே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பகலுணவில் ஒரு தட்டு தல்யத்தெல்லேயோடு நிறுத்திக்கொள்ளலாம். அதை யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

அங்காடியும் மாணவர் தெருவும்

மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டிக் கிழக்கே, 'குவாத்ரிலாத்தெரோ' என்னும் பழைய அங்காடித் தெருக்கள் இருக்கின்றன. பழைய மீன் தெரு, துணிக்காரர் தெரு என்றெல்லாம் இடைக்காலப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. பாலாடைக் கட்டி, பழம், ரொட்டி, கையால் செய்த மாவுப் பண்டங்கள் எல்லாம் அங்கே கண்ணைப் பறிக்கும். ஒரு கடைக்குள் போய்ச் சிறிது பாலாடைக் கட்டியும், மற்றொரு கடையில் ரொட்டியும், வேறொன்றில் இரண்டு பீச்சும் வாங்கிக்கொண்டால் ஒரு வேளை முடிந்தது. இத்தெருக்களுக்கு இடையே ஒரு சந்தில் 'ஓஸ்தெரியா தெல் சோலே' என்னும் கடை இருக்கிறது. 1465-ஆம் ஆண்டு முதல் வழங்கி வருவதாகச் சொல்லும் அக்கடையில் உணவு விற்பதில்லை. பானத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கையோடு கொண்டுபோன உணவை அவர்கள் மேசையிலேயே விரித்து உண்ணலாம். கட்டுச்சோற்றுக்குப் பழகிய நமக்கு இது மிகப் பிடித்த ஏற்பாடு. இங்கே கூட்டம் மிகுதியென்றால், உகோ பஸ்ஸி தெருவில் 1910-இல் திறந்த 'எர்பே' அங்காடிக்குப் போகலாம். காய்கறிக் கடைகளும் உண்ணும் இடங்களும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

சம்போனி தெரு பல்கலைக்கழகத்தின் தெரு. அதையும் வெர்தி சதுக்கத்தையும் சுற்றி மாணவர் பணப்பைக்கு ஏற்ற கடைகள் உள்ளன. அங்கே பதிவு செய்து படிக்கச் செல்வோர், 'எர்கோ' என்னும் வட்டார அரசின் மாணவர் நல அமைப்பு நடத்தும் உணவுக்கூடங்களை முதல் வாரத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் பல பார்களில், ஒரு பானம் வாங்குவோருக்குச் சிறு தின்பண்டங்களும் வைப்பார்கள். இதை 'அபெரித்தீவோ' என்பர். மதுவில்லாத பானமும் கிடைக்கும். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. மழை பெய்தாலும் இவ்விடங்களுக்கெல்லாம் பெரும்பாலும் நனையாமலே நடக்கலாம். நகரம் முழுவதும் தெருவோரத் தாழ்வாரங்கள் தொடர்ந்து செல்கின்றன. அவற்றை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

விலக்கு உடையோர் கவனத்துக்கு

இனி முக்கியமான செய்தி. நம்முள் சைவ உணவினர் உண்டு. முட்டையும் உண்ணாதவர் உண்டு. மாட்டிறைச்சியை விலக்கியவரும் பன்றியிறைச்சியை விலக்கியவரும் உண்டு. இவர்கள் அனைவரும் பொலோஞாவில் விழிப்பாக இருக்க வேண்டும். ராகூவில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேர்ந்தே இருக்கின்றன. 'தொர்த்தெல்லினி' என்னும் சிறு கொழுக்கட்டையின் உள்ளே பன்றியிறைச்சி. அது மிதந்து வருவது இறைச்சி வேகவைத்த சாறு. ஊரின் புகழ் பெற்ற 'மொர்த்தடெல்லா' முழுவதும் பன்றியிறைச்சியே. இவை வெளிப்படையானவை. மறைவாக இருப்பவைதாம் ஏமாற்றும். பூரி போல் உப்பி வரும் 'கிரெஷெந்தீனே' நம் கண்ணுக்கு மிக உறவாகத் தோன்றும். ஆனால் அதைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். வெங்காயமும் தக்காளியும் மட்டுமே தெரியும் 'பிரிஜ்ஜோனே' என்னும் தொக்கிலும் அக்கொழுப்பு சேர்வதுண்டு. பார்மிஜானோ பாலாடைக் கட்டியை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள்.

"இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சிச் சாற்றையும் கொழுப்பையும் சிலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே 'சென்சா கார்னே' என்பதோடு, 'சென்சா ப்ரோதோ', 'சென்சா ஸ்த்ருத்தோ' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இறைச்சி, சாறு, பன்றிக் கொழுப்பு மூன்றும் இல்லாமல் என்பது பொருள். முட்டை கூடாதெனில் 'சென்சா உவோவா'. 2014-ஆம் ஆண்டின் இறுதி முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் உணவில் உண்டா என்று உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். முட்டையும் பாலும் மீனும் அப்பட்டியலில் உள்ளன. இறைச்சியும் கொழுப்பும் இல்லை. எனவே முட்டையைப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். கொழுப்பை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

அப்படியானால் உண்ண என்ன இருக்கிறது? முட்டை உண்ணும் சைவருக்கு 'தொர்த்தெல்லோனி' இருக்கிறது. பெயர் தொர்த்தெல்லினி போல் ஒலித்தாலும் இது வேறு, அளவில் பெரியது, உள்ளே மென்மையான ரிக்கோத்தாப் பாலாடை. வெண்ணெயும் சேஜ் இலையும் இட்டுத் தருவார்கள். பொலோஞாவின் கைத்திறனை அவர்களும் சுவைக்க இதுவே வழி. முட்டையை விலக்கியவர், உலர்ந்த கோதுமைப் பாஸ்தாவைத் தக்காளிச் சாறோடு கேட்கலாம். 'மரினாரா' பீட்சாவில் தக்காளியும் பூண்டும் எண்ணெயும் ஓரிகானோ இலையுமே இருக்கும். மாவில் கொழுப்பு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சுட்ட காய்கறிகளும், பீன்ஸ், கொண்டைக்கடலையும் துணையாகக் கிடைக்கும். அரிசியும் பருப்பும் இல்லாமல் முடியாது என்போருக்கு, வங்காள தேசத்தாரும் பாகிஸ்தானியரும் நடத்தும் மளிகைக் கடைகள் நகரில் இருக்கின்றன.

நண்பர்களே, ஊறுகாய்ப் புட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதில் தவறில்லை. ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாதமும் அந்தப் புட்டியோடு மட்டும் காலம் கழிப்பவர், அந்நகரில் இருந்தும் இல்லாதவரே ஆவர். கூச்சத்தால் வாய் மூடியிருப்பவர் பசியையோ கொள்கையையோ இழக்க நேரும். கேட்பவர் எதையும் இழப்பதில்லை. தம் நாடாவின் அகலத்தைக் கோபுரத்தால் அளந்து பொன்னில் வடித்து வைத்திருப்பவர்கள், உணவில் இன்னொருவர் கொண்டுள்ள கண்டிப்பைப் புரிந்துகொள்ளாமலா போவார்கள்? துணிந்து கேளுங்கள். உண்டு வந்தபின், அடுத்துச் செல்லும் தம்பிக்கும் தங்கைக்கும் எந்தத் தெருவில் எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.