கார்டு இருந்தும் கனடா பி.ஆர். பறிபோகலாம்: ஊர் திரும்பியவர்களை மிரட்டும் 730 நாள் கணக்கு

கனடாவில் நிரந்தரமாக தங்கும் உரிமையான பி.ஆர். வாங்கி விட்டு, வயதான அப்பா-அம்மாவை பார்த்துக் கொள்ளவோ, வேலை சரியாக அமையாமலோ ஊர் திரும்பியவர்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். மகனோ, மகளோ ஸ்பான்சர் செய்து பி.ஆர். எடுத்துக் கொடுக்க, ஒரு குளிர்காலத்தை பார்த்ததுமே "நமக்கு இது சரிப்படாதுப்பா" என்று பெட்டியை கட்டிக் கொண்டு வந்த பெரியவர்களும் உண்டு.

எல்லோருக்கும் ஒரே பயம்தான். கார்டு தேதி முடியப் போகுதே, பி.ஆர். போயிடுமா?

கார்டு முடிவதால் பி.ஆர். போகாது. ரேஷன் கார்டு கிழிந்து போனால் குடும்பமே இல்லை என்று ஆகி விடுமா? அது மாதிரிதான். ஆனால் கார்டில் இன்னும் 2 வருடம் பாக்கி இருக்கு, கவலை இல்லை என்று சும்மா இருப்பதும் தப்பு. கனடா அதிகாரிகள் பார்ப்பது கார்டு தேதியை மட்டும் அல்ல, நாள் கணக்கை.

2002-ம் ஆண்டு அமலுக்கு வந்த கனடா குடியேற்ற சட்டத்தின் 28-வது பிரிவுப்படி, பி.ஆர். உள்ளவர் 5 ஆண்டுகளில் 730 நாட்கள் அந்த நாட்டில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விட்டு விட்டு இருந்தாலும் கூட்டிக் கொள்ளலாம். விமானம் இறங்கிய நாள், ஏறிய நாள் இரண்டுமே முழு நாளாக சேரும்.

"6 மாசத்துக்கு ஒரு தடவை போய் தலையை காட்டிட்டு வந்தா போதும்" என்று சிலர் சொல்வது கனடா சட்டத்தில் இல்லாத விஷயம். அமெரிக்க கிரீன் கார்டுக்காரர்கள் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது கூடுதல் விசாரணை வரலாம். அதை கனடாவுக்கும் சேர்த்து பேசி குழப்பி விட்டார்கள். 10 நாள் தலையை காட்டினால் 10 நாள்தான் கணக்கில் ஏறும்.

எப்படி கணக்கு போடுவது?

ஒருவர் 2022 ஜனவரி 10-ந்தேதி பி.ஆர். ஆகி கனடாவில் இறங்கினார் என்று வைத்துக் கொள்வோம். 430 நாள் இருந்து விட்டு ஊருக்கு வந்து விட்டார். இன்னும் 300 நாள் தேவை. அவருக்கு முதல் 5 ஆண்டு 2027 ஜனவரி 9-ந்தேதி முடிகிறது. அப்படியானால் 2026 மார்ச் 2-வது வாரத்துக்குள் கனடா போய் அங்கேயே இருந்தால்தான் கணக்கு நேராகும்.

5 ஆண்டு தாண்டிய பிறகுதான் வினையே. அதிகாரி எந்த தேதியில் சோதிக்கிறாரோ, அதற்கு முந்தைய 5 ஆண்டை மட்டும் பார்ப்பார். இதே ஆள் 2027 ஜூனில் போய் இறங்கினால், 2022 ஜூனுக்கு முன்பு இருந்த நாட்கள் எல்லாம் கணக்கில் வராது. ஓட்டை குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

கனடாவுக்கு வெளியே இருந்தும் சேரக்கூடிய நாட்கள் உண்டு. கனடா குடிமகனான கணவரோடு அல்லது மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாள் சேரும். கனடா கம்பெனி தன் முழுநேர ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் அதுவும் சேரும். ஆனால் அந்த கம்பெனியின் சென்னை கிளையில் இங்கேயே வேலைக்கு சேர்ந்தேன் என்றால் எடுபடாது.

"பிள்ளை கனடாவுல பிறந்தது, அது கூடத்தானே இருக்கோம்" என்பதும் செல்லாது. பெற்றோர் கனடா குடிமக்களாக இருந்தால் பிள்ளைக்கு நாள் சேருமே தவிர, பிள்ளையை வைத்து பெற்றோருக்கு சேராது.

ஏர்போர்ட்டில் என்ன நடக்கும்?

கார்டு தேதி இருக்கிறது, நாள் மட்டும் குறைகிறது என்றால் விமானத்தில் ஏறலாம். டொராண்டோவில் இறங்கியதும் அதிகாரி கேள்வி கேட்கலாம். ஆனால் பி.ஆர். உள்ளவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் கிடையாது. அறிக்கை எழுதலாம். அதன் பேரில் நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு போடலாம். அதை எதிர்த்து 30 நாளுக்குள் குடியேற்ற அப்பீல் பிரிவுக்கு போகலாம். அங்கே முடிவு வரும்வரை பி.ஆர். உயிரோடுதான் இருக்கும்.

அறிக்கை எதுவும் எழுதாமல் விட்டு விட்டால் அதிர்ஷ்டம். அவர்கள் செய்ய வேண்டியது, 730 நாள் சேரும்வரை கனடாவை விட்டு நகராமல் இருப்பதுதான். அவசரப்பட்டு புது கார்டு கேட்டு மனு போட்டால் நாள் கணக்கை தாங்களே எடுத்து நீட்டியது போல் ஆகும்.

கார்டு காலாவதி ஆனவரை விமான கம்பெனி ஏற்றாது. அவர் வெளிநாட்டில் இருந்தபடியே பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அப்போதே நாள் கணக்கை பார்த்து விடுவார்கள். மறுத்தால் 60 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். கடிதத்தை பீரோவில் வைத்து விட்டு சும்மா இருந்தால் பி.ஆர். நிஜமாகவே போய் விடும்.

நாள் குறைந்தாலும் மனிதாபிமான காரணத்தை சொல்ல சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்பாவுக்கு பக்கவாதம், பார்த்துக் கொள்ள வேறு ஆள் இல்லை என்பது போன்ற காரணங்கள். குழந்தையின் நலனும் பார்க்கப்படும். வாயால் சொன்னால் போதாது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சர்டிபிகேட், தேதி வாரியாக மருந்து பில் எல்லாம் வேண்டும். வீட்டில் வேறு யாரும் ஏன் பார்க்க முடியவில்லை என்பதற்கும் பதில் வேண்டும்.

நாளை கூட்டி எழுதி ஏமாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். விமானத்தில் கனடாவை விட்டு கிளம்பும் விவரமும் 2020-ம் ஆண்டு முதல் அந்த நாட்டு அரசிடம் பதிவாகிறது. பொய் என்று தெரிந்தால் 5 ஆண்டு தடை வரலாம்.

இனி அங்கே குடியிருக்கப் போவதில்லை, மகள் பிரசவத்துக்கு போய் வந்தால் போதும் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு வேறு வழி உள்ளது. பி.ஆர். இருக்கும்வரை விசிட்டர் விசா கிடைக்காது. பி.ஆரை தாங்களாகவே விட்டுக் கொடுப்பதாக மனு கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகு விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விசா உறுதியாக கிடைக்கும் என்று சொல்ல முடியாது. விட்டுக் கொடுத்த பி.ஆரை திரும்ப கேட்கவும் முடியாது. கையெழுத்து போடும் முன்பு ஸ்பான்சர் செய்த பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.