ஞாயிற்றுக்கிழமைத் தலைமுழுக்கு

இலங்கை மலையகத்தின் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் அநேகமான காலைகளில் வெள்ளையாக இறுகித்தான் கிடக்கும். அந்த எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். அடுத்திருக்கும் தலவாக்கலையில், 1925-ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,300 மீற்றருக்கு மேலே நிற்கிறது. இந்த உயரத்து விடியலில் எண்ணெய் எப்படி ஓடும்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை தலை முழுக வேண்டுமென்றால், போத்தலை அடுப்படியில் வைத்து உருக்குவதுதான் முதல் வேலை.

உருகிய எண்ணெய் முடிக்கு மேலே பூச்சாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அதில் பாதியளவு லாரிக் அமிலம். குட்டையான, கிளைவிடாத அந்த மூலக்கூறு முடிக்குள்ளேயே நுழைந்துவிடும். 2003-ல் ரெலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான்.

புரதம் போனால் என்ன, திரும்ப வளராதா என்று கேட்கலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். அப்படியானால் இடுப்பைத் தொடும் பின்னலின் நுனிக்கு ஐந்து வயதாகியிருக்கும். மலையில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் ஒரு கவ்வாத்துக்கும் அடுத்த கவ்வாத்துக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ அவ்வளவுதான். அத்தனை மழையும் பனியும் கூடைக் கயிற்றின் உரசலும் பட்ட நுனி அது. உயிரில்லாததால் தேய்ந்த இடம் ஆறாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்.

ஒரு முடியை இரண்டு விரலுக்கிடையே பிடித்து, வேரிலிருந்து நுனிக்கு இழுத்துப் பாருங்கள், வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் சொரசொரக்கும். மேலே கூரை ஓடுகளைப்போலச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்துப் படிந்திருக்கின்றன. சவர்க்காரத்தின் காரம் பட்டால் முடி உப்பி இந்தச் செதில்கள் கிளம்பும். ஒன்றோடொன்று கொளுவிச் சிக்காகும். சீயக்காய் இலேசான புளிப்புள்ளது, ஆகவே செதில் படிந்தபடியே இருக்கும். அழுக்கை எடுப்பது அதிலுள்ள சபோனின். அந்த மூலக்கூறின் ஒரு பக்கம் எண்ணெயைப் பற்றும், சர்க்கரைச் சங்கிலியான மறுபக்கம் தண்ணீரைப் பற்றும். எண்ணெயும் தூசும் அப்படித்தான் தண்ணீரோடு போகின்றன.

தண்ணீரிலும் விஷயமிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரின் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று முடியில் படியும். மலையில் அப்படியில்லை. மழை நீர் பழைய கெட்டிப் பாறைகளின்மேல் ஓடி, சுண்ணாம்பு அதிகம் சேராமலே பீலிக்கு வந்துவிடுகிறது. லயத்துப் பீலியில் நுரை சட்டென்று எழுவதற்கும், அலசியபின் முடி இலேசாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

கடைசியில் கொழகொழப்பு. கசக்கிய செவ்வரத்தை இலையும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும் முடிக்கு வழுக்கும் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்துகின்றன. வெந்தயத்தில் அந்த வேலையைச் செய்யும் மாச்சத்தின் பெயர் கலக்டோமன்னன். கொத்தவரை விதையிலும் அதே சத்துதான். இன்றைய ஷாம்புகள் பலவற்றில் அந்தக் கொத்தவரைப் பிசினுக்கு நேர்மின்னேற்றம் கொடுத்துச் சேர்க்கிறார்கள். ஈர முடி எதிர்மின்னேற்றம் உள்ளதாகையால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அம்மியில் அரைபட்ட வெந்தயத்துக்கும் தொழிற்சாலைப் போத்தலுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கிறதே என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் தேசிக்காயை நேரே தலையில் பிழிவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுத்துவிடும்.

இத்தனைக்கும், சீயக்காயில் பார்த்த அந்தச் சபோனின் லயத்து வாசலிலேயே நிற்கிறது. தென் சீனத்தில் தேயிலையின் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின், எஞ்சும் பிண்ணாக்கைக் காய்ச்சித் தலை கழுவுவது பழைய வழக்கம். நம்முடைய தேயிலையின் விதையிலும் சபோனின் உண்டு. நாம் அதைக் காண்பது அபூர்வம். வாரத்துக்கொரு தடவை கொழுந்தெடுத்து, காலத்துக்குக் கவ்வாத்தும் வெட்டும் செடி பூப்பதற்கு இடமேது? கைக்குத் தப்பி மலையோரத்தில் உயர்ந்துவிட்ட செடியில்தான் வெள்ளைப் பூ வரும், பிறகு பச்சைக் காய். காயை உடைத்தால் உள்ளே மண்ணிற விதை. இடித்துத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் நுரைக்கும்.